பருத்தி வீட்டுச் சம்பந்தம்

சென்ற முறை ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "டி.சி.எச். பருத்தி இரண்டு இனங்களுக்குப் பிறந்த பிள்ளை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்கப் பருத்திதான்.

கேள்வி: பருத்தி என்றால் பருத்திதானே? அதில் இரண்டு இனம் எங்கிருந்து வந்தது? (பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

இரண்டல்ல, டீச்சர், ஏறத்தாழ 50 இனங்கள். பெரும்பாலானவை காட்டுச் செடிகள். விதையின் மேல் நூற்கிற அளவுக்குப் பஞ்சே இருக்காது. மனிதன் விதைத்து வளர்ப்பவை நான்குதான். ஆர்போரியம், ஹெர்பேசியம் இரண்டும் நம் பழைய நாட்டுப் பருத்திகள். ஹிர்சூட்டம், பார்படென்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பருத்திகள்.

உங்கள் ஊர்க் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி, ஆர்போரியம். பழைய உப்பம், ஹெர்பேசியம். 1900களின் தொடக்கத்தில் வந்து கிணற்றுப் பாசனத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்ட கம்போடியா, ஹிர்சூட்டம். எகிப்துப் பருத்தி, சீ ஐலண்ட், பீமா என்று துணிக்கடையில் பெருமையாகச் சொல்வதெல்லாம் பார்படென்ஸ். உலகத்துப் பஞ்சில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஹிர்சூட்டம்தான். இந்த நான்கையும் வயலில் விளைவித்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் நாடு உலகில் இந்தியா ஒன்றுதான். இந்தச் செய்தி நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும்.

கேள்வி: இவற்றில் யாருக்கு யாரோடு பொருத்தம்? (வாசகர், கரூர்)

பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டாம், ஒன்று போதும்: குரோமோசோம் எண்ணிக்கை. நாட்டுப் பருத்தி இரண்டுக்கும் 26. அமெரிக்கப் பருத்தி இரண்டுக்கும் 52. 26க்கும் 26க்கும் கல்யாணம் நடக்கும். 52க்கும் 52க்கும் நடக்கும். 26ஐயும் 52ஐயும் சேர்த்தால் பெரும்பாலும் காய் பிடித்த சில நாளிலேயே உதிர்ந்துவிடும். தப்பிப் பிழைக்கும் செடிக்கு 39. ஒற்றைப்படை. மகரந்தம் உண்டாகும் நேரத்தில் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். அதில் 13 துணையில்லாமல் நிற்கும். செடி வளரும், பூக்கும், ஆனால் மலடு.

கேள்வி: ஒட்டுப் பருத்தி, பி.டி. பருத்தி, இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், பெரம்பலூர்)

இல்லை. ஒட்டு என்பது ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தொட்டு வைப்பது. பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் செடிக்குள் நுழைத்தது. நம் நாட்டில் 2002இல் அந்த மரபணுவை ஒட்டு ரகங்களுக்குள் வைத்தே விற்றார்கள். இரண்டும் ஒரே பாக்கெட்டில் வந்ததால் ஒன்றாகிவிட்டது போலத் தெரிகிறது.

கேள்வி: வெண்டைப் பூவும் பருத்திப் பூவும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் என்ன? (இல்லத்தரசி, தேனி)

கலக்காது. வெண்டை, செம்பருத்தி, துத்தி எல்லாம் பருத்தியின் குடும்பம்தான், ஆனால் தூரத்து உறவு. அவற்றைவிட நெருங்கிய சொந்தம் உங்கள் தெருவிலேயே நிற்கும்: பூவரசு. காலையில் மஞ்சளாக விரிந்து மறுநாள் சிவந்து வாடும் அதன் பூவைப் பாருங்கள், பருத்தியின் சாயல் தெரியும். பருத்திக் காயில் கூட்டமாக மொய்க்கும் சிவப்பு நாவாய்ப் பூச்சி பூவரசிலும் குடியிருக்கும். அந்தப் பூச்சிக்குத் தாவரவியல் தெரியாது, ஆனால் சொந்தபந்தம் தெரிந்திருக்கிறது. அவ்வளவு நெருங்கிய பூவரசோடுகூடப் பருத்தி சேராது. பருத்திக்குள்ளேயே சேராதவை உண்டு. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் டேவிட்சோனி என்றொரு காட்டுப் பருத்தி இருக்கிறது. அதை அமெரிக்கப் பயிர்ப் பருத்தியோடு சேர்த்தால் கரு உண்டாகும், ஆனால் பிழைக்காது.

கேள்வி: அமெரிக்கப் பருத்திக்கு மட்டும் 52 எப்படி வந்தது? (கல்லூரி மாணவர், கோவை)

இந்தக் கட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், தம்பி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1934இல் ஸ்கோவ்ஸ்டெட் என்ற டென்மார்க்காரர் அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். 26 ஜோடியில் 13 ஜோடி பெரியவை, 13 ஜோடி சிறியவை. பெரியவை ஆசியப் பருத்தியின் குரோமோசோம்களைப் போல இருந்தன. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியினுடையவை போல இருந்தன. அப்படியென்றால் இந்தச் செடியே ஒரு பழைய கலப்புக் கல்யாணத்தின் பிள்ளை என்று அவர் கணித்தார்.

1940இல் அமெரிக்காவில் பீஸ்லி என்பவர் அந்தக் கல்யாணத்தைத் தன் கையாலேயே நடத்திப் பார்த்தார். ஆசியாவின் ஆர்போரியத்தையும், அரிசோனா மலைகளில் வளரும் துர்பெரி என்ற காட்டுப் பருத்தியையும் சேர்த்தார். பிறந்த செடி மலடு. அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். 52 வந்தது, மலட்டுத்தன்மை போனது, அது அமெரிக்கப் பருத்தியோடு கலந்து விதையும் கட்டியது. கணக்கு சரியாகிவிட்டது.

இயற்கையில் இது நடந்து பத்து இருபது இலட்சம் ஆண்டுகள் இருக்கும். மனிதன் நெசவு செய்வதற்கு எத்தனையோ காலம் முன்பு. ஒரு பக்கம் இன்றைய நாட்டுப் பருத்திகளின் மூதாதையைப் போன்ற செடி. மறுபக்கம் இன்று பெருவில் வளரும் ரைமோண்டி என்ற காட்டுச் செடியின் முன்னோர். இடையில் கடல். விதை கடலில் மிதந்துதான் கரை சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பருத்தி விதையின் ஓடு அத்தனை கெட்டி.

இதில் இன்றும் என்னை வியக்க வைப்பது வேறொன்று. ரைமோண்டியின் விதையில் நூற்கத் தகுந்த பஞ்சு கிடையாது. நாட்டுப் பருத்தியின் இழை குட்டை. இந்த இரண்டு வீட்டுக்கும் பிறந்த பிள்ளையின் இழை இரண்டு வீட்டையும்விட நீளம்! பிற்காலத்தில் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இழையின் தரத்தைத் தீர்மானிக்கும் கூறுகளில் பல, பஞ்சே இல்லாத அந்த வீட்டுப் பங்கில்தான் இருப்பது தெரிந்தது. வெறுங்கையோடு வந்த மருமகளிடம் வீட்டையே தூக்கி நிறுத்தும் திறமை இருந்தது.

கேள்வி: குரோமோசோமை இரட்டிப்பாக்குவது எப்படி? ஊசி போடுவார்களா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

ஒட்டன்சத்திரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி, அம்மா. மருந்து உங்கள் ஊர் வேலியிலேயே பூக்கிறது! கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், நம் மாநில மலர். உங்கள் பக்கமும் மூலனூர்ப் பக்கமும் அதைப் பயிராகவே வளர்த்து, விதையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, எதற்கு? அதிலிருக்கும் கோல்ச்சிசின் என்ற சரக்குக்காக. மூட்டுவாதத்துக்கு மருந்தாகும் அதே சரக்குதான் இந்த வேலைக்கும்.

செல் ஒன்று இரண்டாகப் பிரியும் முன் குரோமோசோம்கள் தம்மை நகலெடுத்துக்கொள்ளும். பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. நகல் எடுத்தாயிற்று, பிரிக்க ஆளில்லை. ஒரே செல்லில் இரட்டிப்பு தங்கிவிடும். நாற்றின் குருத்தில் சில சொட்டு விட்டாலே போதும். 1937இல் இந்த வித்தை தெரிந்த பிறகுதான், மலடு என்று ஒதுக்கிய கலப்புச் செடிகளுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்தது.

கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டி.சி.எச். விதை விலை அதிகம். விளைந்த பருத்தியிலிருந்தே விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் என்ன? (விவசாயி, ஆத்தூர்)

போடாதீர்கள் ஐயா. இது என் வீட்டிலேயே நடந்த கதை.

1980களில் அப்பா ஜெயலக்ஷ்மி போட்டார். டி.சி.எச்.-32இன் இன்னொரு பெயர் அது. முதல் வருடம் ஆள் உயரத்துக்குச் செடி, கிளை நிறையக் காய். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்களே, அதைத் தோட்டத்திலேயே பார்த்தோம். நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து, சாணிப்பாலில் புரட்டி, பானையில் போட்டு வைத்தார். அடுத்த வருடம் விதைத்தார். ஒரு செடி பூவரச மரமாகப் போகிறது, பூவே இல்லை. பக்கத்துச் செடி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. சிலவற்றின் பூவைத் தொட்டால் விரலில் மகரந்தமே ஒட்டவில்லை. காய் நெல்லிக்காய் அளவு. வெடித்த பஞ்சில் குட்டை இழையும் நீள இழையும் கலந்து கிடந்தன. வியாபாரி ஒரு கை அள்ளி இழுத்துப் பார்த்துவிட்டு, கொட்டு விலைக்குக் கேட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் செடிகளை அவரே பிடுங்கினார்.

எந்த ஒட்டு விதையை எடுத்து மறுபடி விதைத்தாலும் குணம் சிதறும். ஆனால் இரண்டு இனங்களுக்கிடையேயான ஒட்டில் அது சிதறல் அல்ல, சரிவு. ஒவ்வோர் இனமும் தன் மரபணுக்களைப் பல்லாயிரம் தலைமுறையாக ஒன்றோடொன்று இணங்கப் பழக்கி வைத்திருக்கிறது. முதல் தலைமுறையில் இரு வீட்டுச் சீட்டுக்கட்டும் முழுசாக இருக்கும், ஆட்டம் பிரமாதமாக நடக்கும். இரண்டாம் தலைமுறையில் இரண்டு கட்டையும் கலைத்துப் பாதியைக் கையில் கொடுத்தது போல ஆகிவிடும். சேராத சீட்டுகள் சேர்ந்த செடி தேறாது. தேறுகிற செடிகளோ தாய் வீட்டுச் சாயலுக்கோ தந்தை வீட்டுச் சாயலுக்கோ திரும்பிக்கொண்டே போகும்.

ஒட்டு போடுவது ஒரு மாலையும் ஒரு காலையும் செய்யும் வேலை. அதில் கிடைத்த நல்ல குணத்தை நிலைக்க வைப்பதுதான் பத்துப் பதினைந்து வருட வேலை. பருத்தி ஆராய்ச்சியில் இருப்பவர்களை நான் மதிப்பது இந்தப் பொறுமைக்காகத்தான்.

கேள்வி: முதன்முதலில் இப்படி ஒட்டு போட்டு விற்றது வெளிநாட்டுக்காரர்தானே? (வாசகர், திருச்சி)

இல்லவே இல்லை! பருத்தியில் வீரிய ஒட்டை வயலுக்குக் கொண்டுவந்தது இந்தியா. 1970இல் சூரத்தில் சி.டி. படேல் ஹைப்ரிட்-4ஐக் கொடுத்தார். அது ஹிர்சூட்டத்துக்குள்ளேயே போட்ட ஒட்டு. இரண்டே வருடத்தில், 1972இல், தார்வாடில் பி.எச். கடர்கி இரண்டு இனங்களுக்கிடையே போட்ட ஒட்டான வரலக்ஷ்மி வந்தது. தாய், கர்நாடகத்தின் லக்ஷ்மி என்ற ஹிர்சூட்டம். தந்தை, ரஷ்யாவிலிருந்து வந்த எஸ்.பி. 289-ஈ என்ற பார்படென்ஸ். 1981இல் அதே தார்வாடிலிருந்து டி.சி.எச்.-32. அதற்கும் தாய் ஹிர்சூட்டம், தந்தை பார்படென்ஸ். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பின்னர் கொடுத்த டி.சி.எச்.பி. 213உம் இதே வழி.

கேள்வி: சுவின் பருத்தியும் இந்த வகை ஒட்டா? (நூற்பாலை ஊழியர், ராஜபாளையம்)

இல்லை. சுவினின் தாய் தந்தை இருவருமே பார்படென்ஸ். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பெயர்களிலிருந்தும் எடுத்துக் கோத்ததுதான் 'சுவின்'. கோவையில் பிறந்து 1974இல் வெளியானது. அது ஒட்டுமல்ல, நிலைத்த ரகம். விதையை எடுத்து மீண்டும் விதைக்கலாம்.

சுவினில் நூற்கும் 120ஆம் நம்பர் நூலை உங்கள் ஆலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள், ஆனால் மற்ற வாசகர்களுக்காக ஒரு கணக்கு. 840 கெஜம் கொண்ட சிட்டம் 120 சேர்ந்து ஒரு ராத்தல் எடை என்றால் அது 120ஆம் நம்பர். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சில் 92 கிலோமீட்டர் நூல். மதுரையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் கோவில்பட்டிக்குக் கிட்டத்தில் போய்விடலாம். சுவின் அதற்கு ஈடு கொடுக்கும்.

கேள்வி: ஏலத்தில் டி.சி.எச்.க்கு மட்டும் விலை கூடுதலாகப் போவது ஏன்? (விவசாயி, திருச்செங்கோடு)

இழை நீளம். தந்தை வீட்டுச் சீதனம் அது. காய்ப்பும் தாங்குதிறனும் தாய் வீட்டுச் சீதனம். ஆனால் நாள் அதிகம் எடுக்கும், தத்துப்பூச்சிக்கும் பிடிக்கும், கவனம் கேட்கும். விலையை மட்டும் பார்த்து இறங்க வேண்டாம். தண்ணீரும் ஆளும் கணக்குப் பார்த்து இறங்குங்கள்.

கேள்வி: ஒட்டு விதை தயாரிப்பதை நேரில் பார்த்ததுண்டா? என்னதான் செய்கிறார்கள்? (வாசகி, சென்னை)

பார்த்திருக்கிறேன். சேலம் பக்கத்தில் ஒரு தோட்டம். மாலை மூன்று மணிக்குமேல் பெண்கள் வரிசையில் இறங்கினார்கள். மறுநாள் காலையில் விரியப்போகும் மொட்டைத்தான் தொட வேண்டும். மொட்டைச் சுற்றியிருக்கும் இலைகளுக்கு வெளியே இதழ் சுருட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கும், வெளிர்மஞ்சளாக, திரித்த திரி மாதிரி. எனக்குக் காட்டிக்கொடுத்த அக்கா, வலது கட்டைவிரல் நகத்தை மொட்டின் அடியில் பதித்தார். ஒரு சுற்று. பிறகு ஒரு திருகு. இதழும் அதனோடு ஒட்டிய மகரந்தத் தாள்களும் தொப்பி கழல்வது போல ஒரே துண்டாகக் கையோடு வந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு, அடியில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பச்சைச் சூலகம். நகம் அரை நூல் ஆழம் கூடினால் சூலகம் கீறிவிடும், காய் உதிரும். குறைந்தால் மகரந்தப்பை மிச்சம் நிற்கும், தன் மகரந்தமே விழுந்து ஒட்டு கெடும். நான் உரித்த நாலு மொட்டில் மூன்று கீறிப்போயின. அவர் ஒரு மொட்டுக்கு எடுத்த நேரம், கண் இமைக்கிற நேரம்.

உரித்ததற்கு ஒரு சிவப்புக் காகித உறை. பூச்சி வேறு மகரந்தத்தைக் கொண்டுவராமல் இருக்க, மறுநாள் காலை தூரத்திலிருந்தே கண்ணில் படவும்தான். காலையில் வெயில் ஏறி ஆண் பூ விரிந்ததும் அதைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, உறையை எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு ஆண் பூ ஐந்து பெண் பூவுக்குத் தாங்கும். தடவியதும் காம்பில் ஒரு நூல் கட்டு. அறுவடையில் நூல் இருக்கும் காய் மட்டும்தான் ஒட்டு விதை. நடுப்பகல் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், அதனால் காலை வேலையில் யாரும் தலை நிமிர்வதில்லை. இரண்டு மாதம்வரை நாள் தவறாமல் இதே வேலை.

பாக்கெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஒட்டு விதையும் ஒரு பெண்ணின் நகம் பட்டு வந்தது. இந்த நாட்டின் ஒட்டுப் பருத்தி முழுதும் அந்த நகத்தில்தான் நிற்கிறது. கூலி பேசும்போது இது யார் நினைவுக்கும் வருவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி: சின்னக் கை என்றால் வேலை சுத்தமாக வரும் என்று சிறுமிகளை வைத்தார்களாமே, உண்மையா? (சமூகப் பணியாளர், தருமபுரி)

உண்மை. 1990களின் இறுதியில் கர்நூல், மகபூப்நகர்ப் பகுதி விதைப் பண்ணைகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் வேலை செய்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. முன்பணம் வாங்கிய குடும்பம், மாதக்கணக்கில் வயலில் பிள்ளை. செடி உயரமும் பிள்ளை உயரமும் ஒத்துப்போகிறது என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காரணம் ஏற்பில்லை. பெரியவர்களுக்கு உரிய கூலி கொடுத்தால் பெரியவர்களே வருவார்கள்.

கேள்வி: மொட்டு உரிக்காமலே ஒட்டு போட வழியில்லையா? (வேளாண் மாணவி, மதுரை)

உண்டு. ஹார்க்னெசி என்ற காட்டுப் பருத்தியை அமெரிக்காவில் வெஸ்டா மேயர் ஹிர்சூட்டத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, மகரந்தமே உண்டாக்காத தாய்ச்செடியை 1975இல் கொடுத்தார். மாலை நேர உரிப்பு வேலை மிச்சம். ஆனால் பருத்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. ஆகவே காலை வேலைக்குக் கை வேண்டும், இல்லையென்றால் தேனீ வேண்டும்.

கேள்வி: பஞ்சே இல்லாத காட்டுப் பருத்தியால் வேறு என்ன பயன்? (வாசகர், நாகர்கோவில்)

ஒரு பருத்தி இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பில் கடுகளவு குழி தெரியும். தேன் சுரப்பி. அந்தத் தேனுக்குத்தான் அந்துப்பூச்சி வரும், வந்த இடத்தில் முட்டையிடும். ஹவாய்த் தீவின் காட்டுப் பருத்தியான டொமென்டோசத்துக்கு அந்தக் குழியே இல்லை. அந்தக் குணத்தை ஹிர்சூட்டத்துக்கு மாற்றினார்கள். ஹைப்ரிட்-4இன் தந்தை பெயர் அமெரிக்கன் நெக்டரிலெஸ், அதாவது தேன்சுரப்பி இல்லாதது. குஜராத் விவசாயி விதைத்த செடியின் வம்சத்தில் பசிபிக் தீவுச் செடி ஒன்று இருக்கிறது.

பீஸ்லி செய்த துர்பெரி கலப்பை முன்பே சொன்னேன். அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்த வம்சத்திலிருந்துதான் அமெரிக்க ரகங்கள் பலவற்றுக்கு இழை வலிமை கிடைத்தது. இத்தனைக்கும் துர்பெரியிடம் இழையே கிடையாது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஸ்டாக்சி என்ற காட்டுப் பருத்தி, கட்ச், சிந்துக் கடலோரங்களில் வளர்கிறது. வறட்சியில் வாழப் பழகியது. இன்று அதனால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், 1930இல் துர்பெரியைப் பார்த்தவர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாட்டுப் பருத்திக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா? (இயற்கை விவசாயி, எட்டயபுரம்)

இருக்கிறது ஐயா, பெரிய இடம். 1990களின் தொடக்கத்தில் பாகிஸ்தானின் முல்தான் பகுதியில் இலைச்சுருட்டு வைரஸ் அமெரிக்கப் பருத்தியை அழித்தது. வெள்ளை ஈ பரப்பும் நோய். எல்லை தாண்டி நம் பஞ்சாப், ராஜஸ்தான் வயல்களுக்கும் வந்தது. அந்தக் காடுகளுக்கு நடுவில் இலை மடங்காமல் நின்றது ஆர்போரியம். அந்த வைரஸ் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் குணத்தை அமெரிக்கப் பருத்திக்கு மாற்ற வேண்டுமென்றால் 26ஐயும் 52ஐயும் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன இடறல்கள் எல்லாம் வரும். காய் உதிராமல் இருக்கக் காம்பில் ஹார்மோன் தெளிப்பார்கள். அப்படியும் விதைக்குள் கருவுக்கு ஊட்டம் தரும் சதை கரைந்துவிடும். அதனால் இளம் சூலை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டமிட்டு வளர்ப்பார்கள். 39 வரும், மலடு. கோல்ச்சிசின் கொடுத்தால் 78. அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்தால் 65. மறுபடி மறுபடி ஹிர்சூட்டத்தோடேயே சேர்த்து 52க்குக் கொண்டுவர வேண்டும், வழியில் அந்த ஒரு நல்ல குணம் நழுவாமல். அந்த நோய் வருவதற்கு முன்பே, சூரத்தில் 26ஐயும் 52ஐயும் சேர்க்கும் கடினமான பாதையில் நடந்து தேவிராஜ், தேவிதேஜ் போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் எந்தப் படியும் கருங்கண்ணி போன்ற செடி உயிரோடு இல்லாமல் தொடங்காது. கோவில்பட்டியில் 1901இலிருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் நிலையத்துக் குளிர்பெட்டியில் விதை இருப்பதும் கரிசலில் செடி நிற்பதும் ஒன்றல்ல. வயலில் நிற்கிற செடி ஒவ்வொரு வருடப் பூச்சியையும் வறட்சியையும் பார்த்துக்கொண்டே வருகிறது. நீங்கள் விதைக்கும் ஒவ்வொரு குறுக்கமும் அந்தக் கல்விதான்.

கேள்வி: பக்கத்து வயலில் பி.டி. நிற்கிறது. என் கருங்கண்ணியில் கலந்துவிடுமா? (அதே எட்டயபுரம் விவசாயி, அடுத்த கடிதத்தில்)

பூவில் கலப்பது ஏறக்குறைய நடக்காது. 26, 52 என்ற வேலி காவலுக்கு இருக்கிறது. பக்கத்தில் எம்.சி.யு. 5 போன்ற அமெரிக்க ரகத்தை விதைக்கு வைத்திருப்பவர்தான் பயப்பட வேண்டும். அங்கே தேனீ ஒரு நாளில் கலந்துவிடும். உங்களுக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: அரவை மில். முந்தைய லோடின் கொட்டை எந்திரத்துக்குள் தங்கி உங்கள் விதையோடு வந்துவிடும். அந்தக் காலத்தில் புளிச்சை என்ற குட்டை இழைப் பருத்தி நம் கரிசல் பஞ்சின் பெயரைக் கெடுத்ததும் இப்படிக் கலந்து கலந்துதான். விதைக்கு வேண்டியதை மில்லுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் கையாலேயே பஞ்சைப் பிரித்துக் கொட்டை எடுங்கள்.

கேள்வி: பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்கிறோம், கோழிக்கு வைக்கக்கூடாது என்கிறார்களே? (வாசகி, நாமக்கல்)

ஒரு கொட்டையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். வெண்பருப்பில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். அவைதான் காசிபால் சுரப்பிகள். பூச்சியிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சு. அசைபோடும் மாட்டின் வயிறு அதைப் பெருமளவு கட்டிப்போட்டுவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. ஆஸ்திரேலியக் காட்டுப் பருத்தி சிலவற்றில் செடி முழுக்கப் புள்ளி இருக்கும், விதையில் மட்டும் இருக்காது. முளைத்த பிறகுதான் சுரப்பி வரும். செடிக்குக் காவலும் ஆச்சு, விதை உணவும் ஆச்சு! அந்தக் குணத்தைப் பயிர்ப் பருத்திக்குக் கொண்டுவர பெல்ஜியத்தின் ஜெம்ப்ளூவில் மூன்று இனங்களைச் சேர்த்துப் பல வருடம் உழைத்தார்கள்.

கேள்வி: ஒட்டு ரகமே வேண்டாம் என்கிறீர்களா? (வாசகர், ஈரோடு)

இல்லை. நீள இழைப் பஞ்சை இந்த மண்ணிலேயே விளைய வைத்த வரலக்ஷ்மியை நான் கொண்டாடுகிறேன். ஆனால் உலகின் பெரும்பாலான பருத்தி நாடுகள் விதை எடுத்து விதைக்கக்கூடிய ரகங்களையே பயிரிடுகின்றன. நாம் மானாவாரி நிலத்துக்கும் ஒட்டையே கொண்டுபோனோம். மழை பொய்த்தால் விதைச் செலவும் போய், அடுத்த வருடத்துக்குப் பானையில் விதையும் இல்லாத நிலை சம்சாரிக்கு. தண்ணீர் இருக்கும் தோட்டத்துக்கு ஒட்டு, வானம் பார்த்த கரிசலுக்கு நெருக்கி விதைக்கும் நல்ல ரகம். இதுதான் என் கருத்து.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் பருத்திக் காடு இருக்கிறது. நான் என்ன பார்க்க வேண்டும்? (ஏழாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்)

ஒரே செடியில் வெள்ளைப் பூவும் சிவந்த பூவும் இருக்கும், கண்ணு. வெள்ளை இன்று விரிந்தது, சிவப்பு நேற்று விரிந்தது. பூ மஞ்சளாக இருந்து, உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு இருந்தால் அது நாட்டுப் பருத்தியாக இருக்கலாம். காட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மாலை நாலரை மணிக்குப் போ. திரி மாதிரி சுருண்டு எட்டிப் பார்க்கும் மொட்டு ஒன்றைக் கண்டுபிடி. உரிக்காதே. காம்பில் தளர்வாக ஒரு நூல் கட்டிவிட்டு வா. மறுநாள் பள்ளி மணி அடிக்கும் முன் போய்ப் பார்.